432 பேரைப் பார்த்துவிட்டீர்கள், மீதி 168 பேர் யார்?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப் பொறுப்பில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இதுதான்:

"மூன்று வருடத்துக்கு முன்னால் 12 முதல் 18 மாதம் வரை வயதுள்ள 600 பிள்ளைகளைச் சேர்த்து ஒரு தொடர் சர்வே ஆரம்பித்தோம். கடற்கரை ஊர்களில் 200, கருங்கல், மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் 200, பேச்சிப்பாறை மலையோரத்தில் 200. இப்போது மூன்றாம் சுற்று முடிந்தது. 432 பேரைத்தான் பார்க்க முடிந்தது: கடற்கரையில் 120, நடுவில் 160, மலையோரத்தில் 152. முதல் சுற்றில் 34 சதவீதம் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, இப்போது அது 28 சதவீதம். 'ஆறு சதவீதம் குறைஞ்சிருக்கு, 72 சதவீதம் பேரைப் பார்த்ததே பெரிய விஷயம், ரிப்போர்ட் எழுது' என்கிறார் எங்கள் இயக்குநர். கூட வேலை பார்க்கும் ஒருவர், காணாத பிள்ளைகளுக்குப் பதிலாக அதே அங்கன்வாடிகளில் இருந்து 168 புதுப் பிள்ளைகளைச் சேர்த்தால் 600 நிறைந்துவிடும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் மனசு சரியான இடத்தில்தான் ஒப்பாமல் நிற்கிறது. நேர்ப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுப் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். ஆறு சதவீதம் குறைந்தது என்று இப்போதைக்கு எழுதாதீர்கள். 72 சதவீதம் போதுமா என்ற கேள்விக்கு அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. விட்டுப்போன 168 பேர் யார் என்பதைப் பொறுத்தது அது. நல்லவேளையாக, அவர்கள் யார் என்பது பாதி உங்கள் கையிலேயே இருக்கிறது, முதல் சுற்றுத் தாள்களில்.

எனவே வேறெதையும் செய்வதற்கு முன்னால் ஒரு கணக்கு போடுங்கள், அரை மணி நேரம் போதும். முதல் சுற்றுப் பட்டியலில் இருந்து இப்போது பார்த்த 432 பேரை மட்டும் பிரித்தெடுத்து, அவர்களில் அன்று எத்தனை பேருக்கு உயரக்குறைவு இருந்தது என்று பாருங்கள். உங்கள் 34 சதவீதம் 600 பேருக்கான கணக்கு, 28 சதவீதம் 432 பேருக்கான கணக்கு, இரண்டும் ஒரே பிள்ளைகள் இல்லை. உதாரணத்துக்குச் சொல்கிறேன், அந்த 432 பேரில் முதல் சுற்றிலேயே 29 சதவீதம்தான் உயரக்குறைவு என்று வந்தால், உண்மையில் குறைந்தது ஒரே ஒரு சதவீதம். மீதி ஐந்து எங்கே போனது? உயரம் குறைந்த பிள்ளைகள் உயரமாகிவிடவில்லை, பட்டியலில் இருந்து போய்விட்டார்கள். அந்த உதாரணத்தில் 600 பேரில் 204 பேர் உயரக்குறைவு, பார்த்த 432 பேரில் 125 பேர், அப்படியானால் காணாமல் போன 168 பேரில் 79 பேர், அதாவது 47 சதவீதம். இப்படி ஒரு எண் வந்தால் உங்கள் இயக்குநரின் மேசையில் அந்த ஒரு வரியை மட்டும் வையுங்கள், வேறு வாதமே தேவைப்படாது. ஒருவேளை இரண்டு பக்கமும் 34ஐ ஒட்டியே வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனாலும் அடுத்து வருவதைப் படியுங்கள்.

(ஒன்றரை வயதில் இருந்து நாலரை வயதுக்குள் இந்தச் சதவீதம் தானாகவே ஏறி இறங்கும். உங்கள் திட்டத்தால்தான் குறைந்தது என்று சொல்ல, திட்டம் போகாத ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும். அது தனிக் கதை, இன்று அதற்குள் போகவில்லை.)

இயக்குநர் 72 சதவீதம் நல்லது என்பதற்கு எதனோடு ஒப்பிட்டார் என்று தெரியவில்லை. சிலர் தேசிய குடும்ப நல சர்வேயைக் காட்டுவார்கள். 2019-21ல் நடந்த ஐந்தாவது சுற்றில் வீடுகளில் 98 சதவீதமும் பெண்களில் 97 சதவீதமும் பதில் சொன்னார்கள், அதைப் பார்த்தால் 72 பரிதாபமாகத் தெரியும். ஆனால் அந்த சர்வே ஒவ்வொரு தடவையும் புது வீடுகளுக்குப் போகிறது, 2015-16ல் பார்த்த பிள்ளையை மறுபடி தேடிப் போவதில்லை. நீங்கள் செய்வது அதைவிடக் கடினமான வேலை. அதே பிள்ளையை, அவள் எங்கே போனாலும், தேடிப்பிடிக்க வேண்டும். பிரிட்டனில் 2000 முதல் 2002 வரை பிறந்த பிள்ளைகளை வைத்து ஆரம்பித்த மில்லேனியம் கோஹார்ட் ஆய்வில் முதல் சுற்றில் 18,552 குடும்பங்கள் இருந்தன, பிள்ளைகளுக்கு 17 வயதாகும்போது 10,600 சொச்சம் குடும்பங்கள்தான் கிடைத்தன. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த 8,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு, அவர்களுக்கு 26 முதல் 32 வயதானபோது வெளியிட்ட சர்க்கரை நோய்க் கட்டுரையில் இருந்தவர்கள் 1,492 பேர். இன்னொரு பக்கம், நியூசிலாந்தின் டுனீடின் ஆய்வு 1972-73ல் பிறந்த 1,037 பேரோடு ஆரம்பித்து, 45 வயதில் உயிரோடு இருந்த 997 பேரில் 938 பேரைப் பார்த்தது. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு வரவழைத்தார்கள். அவ்வளவு பணம் நமக்கு இல்லை, சரி. ஆனால் நம் பக்கத்திலேயே, ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் 2002ல் 2,011 குழந்தைகளோடு ஆரம்பித்த யங் லைவ்ஸ் ஆய்வு 2013லும் 1,900 பேருக்கு மேல் கையில் வைத்திருந்தது. சுற்றுகளுக்கு நடுவிலும் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்கள், இடம்பெயர்ந்தவர்களைப் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். பணத்தைவிட இந்தத் தொடர்பு வேலைதான் பெரிது என்று நான் நம்புகிறேன்.

இப்போது பிழை எப்படி வருகிறது என்று பார்ப்போம். சூத்திரம் ஒரே வரிதான்: விட்டுப்போனவர்களின் பங்கை, பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குங்கள். உங்களிடம் விட்டுப்போன பங்கு 28 சதவீதம். பார்த்தவர்களில் உயரக்குறைவு 28, பார்க்காதவர்களில் 38 என்றால் வித்தியாசம் 10, பெருக்கினால் 2.8. உங்கள் எண் கிட்டத்தட்ட மூன்று புள்ளி குறைவாகக் காட்டும். வித்தியாசமே இல்லை என்றால் பாதிப் பிள்ளைகள் போனாலும் சதவீதம் தவறாகாது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் பத்து சதவீதம் போனாலே கெடுத்துவிடும். நான் எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் பதில் சதவீதத்தை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

அதைவிடப் பெரிய ஆபத்து மொத்தச் சதவீதத்தில் இல்லை, ஊர்களை ஒப்பிடுவதில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஒரே காரணத்துக்காக எல்லோரும் ஊர் விடுவதில்லை. கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் பிள்ளை காணாமல் போனால் அம்மா நர்ஸாக வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ போயிருப்பார், குடும்பமும் பின்னாலேயே போயிருக்கும், அல்லது திருவனந்தபுரத்தில் வீடு எடுத்திருப்பார்கள். பெரும்பாலும் கொஞ்சம் வசதியான வீடுகள். கடற்கரையில் வாடகைக்கு இருந்தவர்கள், கடலரிப்பில் வீடு போனதால் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியவர்கள், அப்பா கடலுக்குப் போய் நாள்கணக்கில் வராத வீட்டில் அம்மா பிள்ளையோடு தன் வீட்டுக்குப் போய்விட்டவர்கள், இப்படி நிலைமை இறுகிய குடும்பங்கள் அதிகம் விட்டுப்போயிருக்கலாம். இப்போது கணக்கைப் பாருங்கள், இதுவும் உதாரணம்தான். கடற்கரையில் பார்த்த 120 பேரில் 30 சதவீதம் உயரக்குறைவு என்றால் 36 பேர். காணாத 80 பேரில் 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 36. மொத்தம் 200க்கு 72, அதாவது 36 சதவீதம். நடுப்பகுதியில் பார்த்த 160 பேரில் 25 சதவீதம், 40 பேர். காணாத 40 பேர் வசதியானவர்கள், அவர்களில் 10 சதவீதம், 4 பேர். மொத்தம் 200க்கு 44, அதாவது 22 சதவீதம். நீங்கள் எழுதப்போகும் ரிப்போர்ட்டில் கடற்கரைக்கும் நடுப்பகுதிக்கும் இடைவெளி ஐந்து புள்ளிதான். உண்மையில் பதினான்கு. ஒரு பக்கம் கஷ்டப்பட்டவர்கள் போனார்கள், இன்னொரு பக்கம் வசதியானவர்கள் போனார்கள், இரண்டு பிழையும் சேர்ந்து இடைவெளியைத் தின்றுவிட்டன. மொத்தச் சதவீதத்தைப் பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரியே இருக்கும். இந்த ரிப்போர்ட்டைப் படிக்கும் ஒருவர் கடற்கரைக்குத் தனியாக எதுவும் தேவையில்லை என்று முடிவெடுத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

இனி புதுப் பிள்ளைகள் விஷயம். அங்கன்வாடிக்குப் போனால் யார் கிடைப்பார்? நீங்கள் போன அன்று ஊரில் இருக்கிற பிள்ளை. ஊரில் இருக்கிறவர்களைத்தான் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டீர்களே, இன்னும் 168 பேரை அதே மாதிரி சேர்த்தால் கணக்கு ஒரு பக்கமாகச் சாயும் இந்தச் சாய்வு சரியாகாது, இறுகிவிடும். அந்தப் பிள்ளைக்கு முதல் சுற்று அளவும் கிடையாது, வளர்ந்தாளா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? 600 என்ற எண் நிறைந்திருப்பதைப் பார்த்து, யாரும் விட்டுப்போகவே இல்லை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அது நேர்மையில்லை.

அங்கன்வாடி வழியாகத் தேடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மாவட்டத்தில் மூன்று வயது முடிந்ததும் பல பிள்ளைகள் தனியார் நர்சரிக்கும் எல்கேஜிக்கும் போய்விடுகிறார்கள், வேன் வந்து தூக்கிக்கொண்டு போகிறது. உங்கள் களப்பணியாளர் காலை பத்தரைக்கு அங்கன்வாடியில் போய் நின்றால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். வீட்டுக்குப் போனால் பூட்டு. "டோர் லாக்" என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். அந்தப் பிள்ளை ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை, மாலை நான்கு மணிக்கு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள். அதே மாதிரி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற வீட்டில் விடியும் முன்னாலேயே ஆள் கிளம்பிவிடுவார்கள், முந்திரி ஆலைக்குப் போகும் அம்மா இருட்டும்போதுதான் வருவார். உங்கள் 168ல் கணிசமானவர்கள் இப்படி நேரம் பொருந்தாமல் விட்டவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் அடுத்த வேலை, அந்த 168 பெயரில் ஒவ்வொன்றுக்கும் நேரே காரணத்தைத் தனித்தனியாக எழுதுவது. இப்போது உங்கள் பதிவேட்டில் "இல்லை" என்று ஒரே வார்த்தைதான் இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலான இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. வீடு பூட்டியிருந்தது, வீடு மாறிவிட்டார்கள் ஆனால் மாவட்டத்துக்குள் இருக்கிறார்கள், கேரளாவில் இருக்கிறார்கள், வெளிநாடு, வீட்டையே கண்டுபிடிக்க முடியவில்லை, பார்த்தோம் ஆனால் வேண்டாம் என்றார்கள், பிள்ளை ஆஸ்பத்திரியில், பிள்ளை இறந்துவிட்டது. இவை ஒவ்வொன்றும் வேறு விஷயம். இறந்த பிள்ளையை "விட்டுப்போனது" என்ற கூட்டத்தில் போடவே கூடாது. அது காணாமல் போன தகவல் இல்லை, உங்கள் ஆய்வின் மிக முக்கியமான முடிவுகளில் ஒன்று. அதைத் தனியாக எண்ணி, தனியாக எழுத வேண்டும், அந்த வீட்டுக்குப் போகும்போது அளவுப் பலகையோடு போகக்கூடாது.

புள்ளியியலில் டொனால்டு ரூபின் 1976ல் காணாமல் போகும் தகவலை எப்படி வகை பிரிப்பது என்று ஒரு வழி சொன்னார், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். பேச்சிப்பாறையில் நீங்கள் போன அன்று பெரும் மழை, அணையைத் தாண்டிப் படகில் போக வேண்டிய காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்குப் போக முடியவில்லை, யார் விட்டுப்போனார் என்பதற்கும் பிள்ளையின் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அது முதல் வகை, எண்ணிக்கை குறையும், சாய்வு வராது. ஆனால் ஒன்று கவனியுங்கள், அந்தக் குடியிருப்பையே மறுபடியும் மறுபடியும் மழையைக் காரணம் காட்டி விட்டால் அது முதல் வகை இல்லை, தொலைவில் இருப்பவர்கள் திட்டமிட்டதுபோல விட்டுப்போகிறார்கள். இரண்டாவது வகை, விட்டுப்போனதற்கான காரணம் உங்கள் முதல் சுற்றுத் தாளில் இருக்கிறது: வாடகை வீடு, அம்மாவின் படிப்பு, அப்பாவின் தொழில், அன்றைய உயரம். இதைக் கணக்கில் சரிசெய்யலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன். மூன்றாவதுதான் பயமுறுத்துவது. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போய், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு அலைந்துகொண்டிருப்பதால் வீட்டில் ஆளில்லை. நீங்கள் அளக்க நினைத்ததே அவளைக் காணாமல் ஆக்கிவிட்டது. முதல் சுற்றுத் தாளில் இதற்கு எந்தத் தடயமும் இருக்காது. இதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது, நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எப்படிப் போவது? 168 பேரையும் மறுபடி மேலோட்டமாகத் தேடினால் எளிதில் கிடைக்கிறவர்கள் ஒரு அறுபது பேர் கிடைப்பார்கள், கஷ்டமானவர்கள் மறுபடியும் விட்டுப்போவார்கள். பணமும் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் 168 பெயரில் இருந்து சீட்டுக் குலுக்கி 40 பேரை எடுங்கள், பகுதிவாரியாகப் பிரித்து எடுத்தால் இன்னும் நல்லது. அந்த 40 பேருக்காக மட்டும் எல்லா முயற்சியையும் செலவிடுங்கள். எத்தனை தடவை போக வேண்டுமோ போங்கள், திருவனந்தபுரம் போக வேண்டுமென்றால் பஸ் ஏறுங்கள், வேறு மாவட்டம் என்றால் அங்கே தெரிந்தவர் மூலம் ஏற்பாடு செய்யுங்கள். அவர்களில் 35 பேரைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், பார்க்காத 168 பேர் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு நியாயமான ஒரு மதிப்பு கிடைத்துவிடும். இது புது யோசனை இல்லை, ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற இரண்டு பேர் 1946லேயே தபால் சர்வேக்களுக்காகச் சொன்னது. எனக்குத் தெரிந்து, குறைந்த பணத்தில் வேலை செய்யும் சிறிய அமைப்புகளுக்கு இதைவிட உபயோகமான வழி கிடையாது, ஏனோ யாரும் கையில் எடுப்பதில்லை. ஒரே நிபந்தனை, பட்டியலில் வந்த பெயரை "இந்த வீடு தூரம், அடுத்த வீடு பக்கம்" என்று மாற்றக்கூடாது.

தேடும் வழிக்கு நம் மாவட்டம் கொடுத்து வைத்த இடம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டுக்கு வீட்டுப்பேர் உண்டு, தெருவும் கதவு எண்ணும் மாறினாலும் அது மாறாது, உங்கள் தாளில் அதற்குக் கட்டம் இல்லை என்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள். கடற்கரையில் பங்கும் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம்) அன்பியமும் (அதற்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) இருக்கிறது, எந்தக் குடும்பம் எங்கே போனது என்று அன்பியத்தில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அவர் குடும்பத்தின் விவரத்தை உங்களிடம் தரக்கூடாது, தரச்சொல்லவும் கூடாது, ஆனால் உங்கள் நம்பரை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லலாம். அம்மாவின் செல்போன் நம்பர் அடிக்கடி மாறும். அம்மாவுடைய அம்மாவின் நம்பர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அடுத்த பேறுகாலத்துக்கும் அந்த வீட்டுக்குத்தான் வருவார். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று பேர் நம்பர் வாங்கி, ஆய்வுத் தாளோடு சேர்க்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள்.

காலமும் முக்கியம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கொச்சி தோப்பும்படியில் இருந்து தொழில் செய்யும் தூத்தூர் பக்கத்து விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். "அவிய வரட்டும், கேட்டுட்டு சொல்லுதேன்" என்று அம்மாக்கள் தள்ளிப்போட்ட வீடுகளுக்கு அப்போது போங்கள். அது மறுப்பு இல்லை, நீங்கள்தான் மறுப்பு என்று எழுதியிருப்பீர்கள். வளைகுடா பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை, குடும்பங்கள் ஊருக்கு வரும். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். ஆறு மாதம் தள்ளி அளந்தாலும் பரவாயில்லை, உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அட்டவணை மாத வயதை வைத்துத்தான் கணக்கிடுகிறது, பிறந்த தேதியும் அளந்த தேதியும் சரியாக இருந்தால் போதும். ஜூனில் மலையோரத்துக்கு மட்டும் போகாதீர்கள், மழை.

இரண்டாம் சுற்றில் கிடைக்காமல் மூன்றாம் சுற்றில் திரும்ப வந்த பிள்ளைகள் சிலர் இருப்பார்கள், அவர்களைத் தனியாகப் பாருங்கள். பல இடங்களில் ஒருமுறை கிடைக்கவில்லை என்றதும் பெயரை அடித்துவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். ஒரு சுற்று போய் அடுத்த சுற்று வந்த பிள்ளை, முழுவதும் போய்விட்டவர்களின் சாயலைக் கொஞ்சம் காட்டுவாள். எனவே இந்த 168 பேரையும் அடுத்த சுற்றுப் பட்டியலில் வைத்திருங்கள்.

பார்த்த 432 பேரிலும் எல்லோருக்கும் அளவு இருக்கிறதா? கடிதத்தில் சொல்லவில்லை. நாலு வயசுப் பிள்ளை அளவுப் பலகையைப் பார்த்து அழுதால் விட்டுவிட்டு வந்திருப்பார்கள், நேராக நிற்க முடியாத பிள்ளைக்கு "அளக்க முடியவில்லை" என்று எழுதியிருப்பார்கள். உடற்குறைபாடு உள்ள பிள்ளைகள் எல்லாக் கணக்கிலிருந்தும் இப்படித்தான் சத்தமில்லாமல் வெளியே போகிறார்கள், இது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். அவர்களுக்கு உயரம் இல்லாவிட்டாலும் எடை, கை சுற்றளவு, சாப்பாடு, சிகிச்சை எல்லாம் எழுதலாம். இன்னொன்று, முதல் சுற்றில் எல்லோரும் இரண்டு வயதுக்குக் கீழே, படுக்க வைத்துத்தான் அளந்திருக்க வேண்டும். யாராவது நிற்க வைத்து அளந்திருந்தால் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாக வந்திருக்கும், முதல் சுற்றில் உயரக்குறைவு கூடுதலாகத் தெரிந்திருக்கும். உங்கள் ஆறு சதவீதத்தில் அதுவும் கொஞ்சம் இருக்கலாம்.

சரி, கணக்கில் சரிசெய்வது. முதல் சுற்றுத் தகவலை வைத்து, எந்த மாதிரிக் குடும்பம் மூன்றாம் சுற்று வரை நின்றது என்று பாருங்கள். கடற்கரையில் வாடகை வீட்டில் இருந்த, அம்மா எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத குடும்பங்கள் 40 இருந்து 20 கிடைத்தன என்றால், கிடைத்த ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பேருக்காகப் பேச வேண்டும், வெயிட்டேஜ் 2. சொந்த வீட்டில் இருந்தவர்கள் 100க்கு 80 கிடைத்தால் 1.25. இப்படிப் போட்டு சதவீதத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். பகுதி, வீடு சொந்தமா வாடகையா, அம்மா படிப்பு, முதல் சுற்று உயரம், இந்த நான்கு போதும். ரொம்பச் சின்னக் கூறுகளாக உடைக்காதீர்கள், 20 பேரில் 2 பேர்தான் கிடைத்த கூறில் ஒரு பிள்ளை பத்துப் பேருக்காகப் பேச வேண்டி வரும், அவள் ஒருத்தியின் அளவு பிசகினால் கணக்கே சாய்ந்துவிடும். அந்த மாதிரிக் கூறைப் பக்கத்துக் கூறோடு சேர்த்துவிடுங்கள். இது இரண்டாம் வகைச் சாய்வை மட்டும்தான் சரிசெய்யும் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

எல்லைகளையும் ஒரு வரியில் போடுங்கள். 432 பேரில் 28 சதவீதம் என்றால் 121 பிள்ளைகள். காணாத 168 பேரில் ஒருவருக்குக்கூட உயரக்குறைவு இல்லை என்றால் 600க்கு 121, அதாவது 20 சதவீதம். அத்தனை பேருக்கும் உண்டு என்றால் 289, அதாவது 48 சதவீதம். உண்மை இதற்குள் எங்கோ இருக்கிறது. இடைவெளி இவ்வளவு பெரிதா என்று இயக்குநர் கோபப்படுவார், படட்டும், 40 பேரை ஏன் தேட வேண்டும் என்பது அவருக்கு அப்போது புரியும்.

வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள், அங்கன்வாடி டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனால் சம்மதிப்பார்களா என்று. சம்மதிப்பார்கள், அதனால்தான் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. சத்துமாவு தருகிறவர் வாசலில் நிற்கும்போது ஒரு அம்மாவால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது சம்மதம் இல்லை. ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று நீங்கள் தனியாகப் போய்க் கேளுங்கள். மலையோரக் குடியிருப்புகளில் எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: வந்து அளந்து எழுதிக்கொண்டு போகிறார்கள், என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து யாரும் சொல்வதில்லை. இந்தச் சுற்றில் ஒவ்வொரு அம்மாவுக்கும் பிள்ளையின் மூன்று சுற்று அளவையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள், வயதுக்கு இது சரியா குறைவா என்று அம்மாவுக்குப் புரியும்படி சொல்லுங்கள், குறைவு என்றால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்தக் கிழமை போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் அவர்கள் விருப்பம், மறுப்பு என்றே பதியுங்கள், மறுபடி தொந்தரவு செய்யாதீர்கள்.

ரிப்போர்ட்டை இப்போது அனுப்பியே ஆக வேண்டும் என்று நெருக்கினால் "இடைக்கால அறிக்கை" என்று தலைப்பு வைத்து, 432 பேருக்கான முதல் சுற்று, மூன்றாம் சுற்று எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனுப்புங்கள், 34ஐ அதில் கலக்காதீர்கள். மே மாதம் முடிவதற்குள் அந்த 40 பெயரைக் குலுக்கி எடுத்துவிடுங்கள், கடற்கரைப் பெயர்களை ஜூனுக்கு ஒதுக்குங்கள். 168 பேருக்கும் காரணம் எழுதிய அட்டவணை தயாரானதும், பெயரும் முகவரியும் நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள், வெயிட்டேஜை சேர்ந்து போடலாம்.